மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் கரமனை அன்பர்களுக்கு

கரமனை அக்ரஹாரத்து வீதிகளிலும் ஆற்றங்கரையை ஒட்டிய குடியிருப்புகளிலும் வாழ்கின்ற, நாற்பது வயதைக் கடந்த தமிழன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் எழுதுவது.

சத்தியவாகீசுவரர் சந்நிதியில் பிரதோஷத்துக்குக் கூடும்போதும், சாலைக் கடைத்தெருவிலிருந்து காய்கறிப் பையுடன் திரும்பும் வழியில் எதிர்ப்படும்போதும், நம்மவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் க்ஷேமலாபங்களில், பிள்ளைகளின் உத்தியோகத்தையும் பெண்களின் கல்யாணத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கொலஸ்ட்ரால் முன்னுக்கு வந்து சில காலம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கிறது. அதைப் பார்த்த டாக்டர் ராத்திரிக்கு ஒன்று என்று மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். மருந்துக் கடையில் வாங்கிய அட்டை மேஜை இழுப்பறையில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. தொடங்கலாமா, கூடாதா என்று மனம் ஊசலாடுகிறது. இந்த நிலையில் உள்ளவர்கள் என்னிடம் வந்து அபிப்பிராயம் கேட்பதும், நான் படித்தறிந்ததைச் சொல்வதும் வழக்கமாகிவிட்டபடியால், திண்ணையில் உட்கார்ந்து தனித்தனியே சொன்னவற்றை எல்லோருக்கும் பொதுவாக ஒரு மடலாகவே எழுதிவிடுவது உசிதமென்று தோன்றியது. நான் வைத்தியன் அல்லேன். வைத்திய சாஸ்திர விஷயங்களைச் சிரத்தையோடு வாசிக்கிறவன். டாக்டரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இம்மடல் உதவினால் எனக்கு அதுவே திருப்தி.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ ஒருமுறை வந்து பிழைத்தவர்கள், ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்துகொண்டவர்கள், நாற்பதைக் கடந்த சர்க்கரை வியாதியஸ்தர்கள், எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 190 மில்லிகிராமை எட்டியவர்கள் ஆகிய இவர்களை நோக்கி இம்மடல் எழுதப்படவில்லை. அவர்களுக்கு இந்த ஔஷதம் அவசியம். முன்பே இருதய நோய் கண்டவர்களின் உயிரை இது காக்கிறதென்பது, ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 நோயாளிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சி 1994-இல் வெளிவந்த நாள் முதலாகச் சந்தேகத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட விஷயம். அவர்களில் எவரேனும் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துவாரானால் அது எனக்கு ஆறாத துக்கமாகவே இருக்கும்.

நான் பேச விரும்புவது மற்றவர்களோடு. நம் வீதியிலே ஒரு நண்பர் இருக்கிறார், வயது 47, அரசாங்க உத்தியோகம், சிகரெட்டைத் தொட்டதில்லை, ரத்த அழுத்தம் 122, சர்க்கரை கிடையாது, காலையில் ஒழுங்காக நடக்கிறவர். அவருடைய சீட்டை என் முன்னால் விரித்து வைத்தார். இடப்புறம் பரிசோதனையின் பெயர், நடுவே கண்ட அளவு, வலப்புறம் இருக்க வேண்டிய அளவு. மொத்தக் கொலஸ்ட்ரால் 218, எச்.டி.எல். 46, ட்ரைகிளிசரைடு 150, எல்.டி.எல். 142. வரம்பைத் தாண்டிய எண்கள் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்திலே ஆங்கில ‘எச்’ எழுத்து ஒன்று நிற்கிறது. மனிதனை ராத்திரி தூங்கவொட்டாமல் அடிப்பது அந்த ஒற்றை எழுத்துத்தான். ஆனால் அவர் புகை பிடிப்பதில்லை என்பதை அந்தக் காகிதம் அறியாது. அவருடைய தகப்பனார் எத்தனை வயதுவரை வாழ்ந்தார் என்பதையும் அறியாது. அது அறிந்ததெல்லாம் அன்று காலையில் எடுத்த ரத்தத்தின் சமாசாரம் ஒன்றே.

இந்த ‘எச்’ எழுத்து யாருக்கு வருகிறது என்று பார்த்தால், கேரளத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆரின் ஆதரவோடு தேசமெங்கும் 1,13,043 பேரைச் சோதித்து 2023-இல் பிரசுரித்த கணக்கிலே, கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் அதிகமாக உள்ள மாநிலம் கேரளமே என்றும், இங்கே நூற்றுக்கு 50.3 பேருக்கு அது 200-க்கு மேல் இருக்கிறது என்றும் கண்டார்கள். ஒரு மாநிலத்தில் பாதிப் பேருக்கு உள்ள ஒரு லட்சணத்தை மட்டுமே ஆதாரமாகக்கொண்டு, அத்தனை பேரும் ஆயுள் முழுவதும் ஒரு மருந்தைச் சாப்பிட வேண்டுமென்று விதிப்பது நியாயமாகாது. அத்தனை பேரும் கவலையற்றுத் திரியலாம் என்று சொல்வதும் நியாயமாகாது. ஆகையினால் கேட்கவேண்டிய கேள்வியே வேறு. வருகிற பத்தாண்டுகளில் எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கு எவ்வளவு அபாயம் இருக்கிறது, இந்த மாத்திரை அதில் எவ்வளவைக் குறைக்கும் என்பதே அந்தக் கேள்வி.

அபாயத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் பல உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் நாட்டுப் பிரதேசங்களுக்கேற்பத் திருத்திய வர்ண அட்டவணைகளை வெளியிட்டது. அமெரிக்க இருதய சங்கத்தார் 2023-இல் ‘பிரிவென்ட்’ என்று ஒன்றை வகுத்தார்கள். வயது, ஆணா பெண்ணா, புகைப் பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் இவற்றைச் சேர்த்து எண்ணினால், மேலே சொன்ன நண்பருக்குப் பத்தாண்டு அபாயம் நூற்றுக்கு மூன்றை ஒட்டி வருகிறது. அதாவது அவரைப்போன்ற ஆயிரம் பேரில் சுமார் முப்பது பேருக்குப் பத்தாண்டுக்குள் ஏதேனும் நேரிடலாம். எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் இத்தகைய சம்பவங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆராய்ச்சிகளை ஒருங்கே சேர்த்துக் கண்ட முடிவு. சாதாரண அளவில் தரும் மாத்திரை நம் நண்பருடைய 142-இலிருந்து ஐம்பது அளவுக்குக் குறைக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால், அந்த முப்பது பேர் இருபத்திரண்டு, இருபத்துமூன்று பேராகக் குறைவார்கள். ஏழெட்டுப் பேர் தப்புகிறார்கள். எழுபதும் இல்லை, எழுநூறும் இல்லை, ஏழெட்டுப் பேர். மருந்து சாப்பிட்டாலும் இருபத்திரண்டு பேருக்கு வந்தே தீரும். மீதி தொள்ளாயிரத்து எழுபது பேருக்கு அது சாப்பிடாவிட்டாலும் வந்திராது.

இது ஏட்டுக் கணக்குத்தானே என்று எண்ண வேண்டாம். கேரளத்தில் கொட்டாரக்கரையிலே பிறந்து, பெங்களூரில் வைத்தியம் படித்து, கனடாவில் பேராசிரியராகப் பணியாற்றிய டாக்டர் சலீம் யூசுப், இந்தியா உட்பட 21 தேசங்களில் 12,705 பேரை வைத்து ‘ஹோப்-3’ என்ற பெயரில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தக் கேள்விக்கென்றே செய்யப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் இருதய நோய் இல்லாதவர்கள். நடுத்தரமான அபாயம் உள்ளவர்கள். ஆண்கள் 55 வயதும் பெண்கள் பெரும்பாலும் 65 வயதும் நிரம்பியவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்னும் இவ்வகை மருந்து 10 மில்லிகிராமும், மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தந்து ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவந்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 4.8 பேருக்கும், மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 3.7 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இருதய ரத்தக்குழாய் நோயால் மரணம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. இதை ‘அபாயம் நூற்றுக்கு 24 பங்கு குறைகிறது’ என்று சொன்னாலும் சத்தியமே. ‘தொண்ணூறு பேர் ஐந்தரை ஆண்டு தவறாமல் சாப்பிட்டால் ஒருவர் தப்புகிறார்’ என்று சொன்னாலும் சத்தியமே. முதல் வாக்கியத்தைக் கேட்டவர் அன்றைக்கே மாத்திரையை விழுங்குகிறார். இரண்டாவதைக் கேட்டவர் அட்டையை இழுப்பறையில் போடுகிறார். ஒரே உண்மையைச் சொல்லுகிற விதத்தினால் மனிதர்கள் இப்படி இரண்டு பட்டுப்போவது எனக்குச் சம்மதமில்லை. ஆகவே உங்கள் டாக்டரிடம், “எனக்கு நூற்றுக்கு எத்தனை, மாத்திரை சாப்பிட்டால் எத்தனையாகும்?” என்று இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். நல்ல டாக்டர் எவரும் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருந்தைப்பற்றிய பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். ஜப்பானியரான அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்துப் பார்த்து, கியோட்டோ நகரத்தில் அரிசியிலே பூத்த நீலப்பூஞ்சை ஒன்றிலிருந்து 1973-இல் ரோசுவாஸ்டாட்டின் முதலிய இம்மருந்து வகையில் முதலாவதைப் பிரித்தெடுத்தார். 1987-இல் அமெரிக்காவில் இந்த இனத்து மருந்து முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கல்லீரல் தானாகக் கொலஸ்ட்ரால் உண்டாக்குவதை இது தடுக்க, கல்லீரலோ தன் தேவைக்காக ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. இத்தனை காலமாகக் கோடிக்கணக்கானவர்கள் உண்டுவரும் மருந்து இது. சதை வலி வருகிறது, காலைப் பிடித்து இழுக்கிறது என்று நிறுத்துகிறவர்கள் நம்மிடையே ஏராளம். 2020-இல் வெளியான லண்டன் ஆராய்ச்சி ஒன்றில் அப்படி நிறுத்தியவர்களிலேயே அறுபது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றித் தந்து, தினந்தோறும் எவ்வளவு தொந்தரவு என்று எழுதச் சொன்னார்கள். எது மருந்து, எது வெற்று மாத்திரை என்பது அவர்களுக்குத் தெரியாது. மருந்து உண்ட மாதங்களில் இருந்த தொந்தரவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்று மாத்திரை உண்ட மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி இருந்தது, அதன் காரணம் பெரும்பாலும் மருந்து அன்று. தம் கணக்கைத் தாமே பார்த்த அவர்களில் பாதிப் பேர் மறுபடியும் மருந்தைத் தொடங்கினார்கள். மெய்யாகவே சதையைப் பாதிப்பது அபூர்வமாக நிகழ்கிறது. சிறுநீர் கறுத்துப்போனாலும் தாங்கமுடியாத வலி கண்டாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை விஷயம் வேறு. அதைக் கேரளத்தில் உள்ள நாம் லேசாக எண்ணிவிடக்கூடாது. 13 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், 255 பேர் நான்கு ஆண்டு இந்த மருந்தை உண்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை வியாதி வருகிறது என்று 2010-இல் கண்டார்கள். ஏற்கெனவே சர்க்கரையின் வாசலில் நிற்பவர்களுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. இந்த மாநிலத்தில் வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை என்று மேலே சொன்ன அதே 2023-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகையில், அபாயம் குறைந்த ஒருவர் மருந்தைத் தொடங்குமுன் சர்க்கரைக்கான எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்துகொள்வது விவேகம்.

இனி, நான் இம்மடலை எழுதத் துணிந்ததற்கு முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். கணக்குச் சூத்திரம் ‘அபாயம் குறைவு’ என்று சொல்வதை நம்மவர்கள் அப்படியே நம்பிவிடலாகாது. இருதய நோயில் எல்லாவற்றையும்விடக் கனமானது வயது. ஆகவே நாற்பதுகளில் இருப்பவருக்குப் பத்தாண்டு அபாயம் எப்போதுமே குறைவாகத்தான் வரும். அவருடைய முப்பதாண்டு அபாயத்தைப்பற்றி அந்தப் பத்தாண்டு எண் வாய் திறப்பதில்லை. மேலும், அதே சலீம் யூசுப் 52 தேசங்களில் நடத்திய ‘இன்டர்ஹார்ட்’ ஆராய்ச்சியில், நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது 53 என்றும், மற்றவர்களுக்கு அது 59-ஐ ஒட்டியது என்றும் தெரியவந்தது. அமெரிக்கர்களே தங்கள் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டியில் தெற்காசிய வம்சத்தில் பிறந்திருப்பதை அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒவ்வொரு வீட்டின் சரித்திரம். தகப்பனாருக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்போ, தாயாருக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அபாயம் பெரிதும் கூடுகிறது. இதை டாக்டர் கேட்கும்போது நம்மில் பலர், “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஹார்ட் தொந்தரவு கிடையாது” என்று உடனே பதில் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதானா? நம் அக்ரஹாரத்துப் பெரியவர்களின் முடிவைப்பற்றி நாம் கேட்டு வளர்ந்த வர்ணனைகளைச் சற்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். காலையில் ஆற்றில் ஸ்நானம் செய்து, ஜபம் முடித்து, திண்ணையில் வந்து உட்கார்ந்தார், ஒரு வாய்த் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான்; புண்ணியவான், ஒருவருக்கும் பாரமில்லாமல் அனாயாசமாகப் போய்விட்டார்! கல்யாண வீட்டில் ஓடியாடிக்கொண்டிருந்தவர் மார்பில் வாயு பிடித்ததென்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தார், விடியற்காலையில் இல்லை! இப்படிப் போனவர்களுக்கு எத்தனை வயது என்று கேட்டால், ஐம்பத்திரண்டு என்றோ நாற்பத்தொன்பது என்றோ தயங்கிச் சொல்வார்கள். பக்தியினாலும் துக்கத்தைத் தணித்துக்கொள்ளும் நல்லெண்ணத்தினாலும் அனாயாச மரணம் என்று நாம் போற்றிய பல முடிவுகள், இன்றைய டாக்டர் பார்த்திருந்தால் மாரடைப்பு என்று எழுதியிருக்கக்கூடியவை. கொள்ளுப்பாட்டனாரின் சிராத்த திதி எந்த மாதத்தில் எந்தப் பக்ஷத்தில் என்று பிழையின்றிச் சொல்லுகிற வீடுகளில், அவர் எத்தனையாவது வயதில் எவ்விதமாக இறந்தார் என்பதைச் சொல்ல ஆளில்லை.

இதிலே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்தவரையில் கரமனைக்கும் நாகர்கோவிலுக்கும் சுசீந்திரத்துக்கும் செங்கோட்டைக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒரே குடும்பமாய் இருந்தவர்கள், 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை பிரிந்த பின்பு இரண்டு மாநிலத்தவர்களாகி, பிள்ளைகளின் உத்தியோகத்தால் மேலும் பம்பாய்க்கும் டில்லிக்கும் சிதறி, ஒருவர் வீட்டில் நடந்தது மற்றவருக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் ரத்தத்தில் ஓடும் அபாயத்தைப்பற்றிய தகவல் உங்கள் வீட்டு அலமாரியில் இல்லை. அது நாகர்கோவிலில் உள்ள பெரியப்பா வீட்டில் இருக்கிறது.

இப்படிக் குடும்ப சரித்திரம் தெளிவாகத் தெரியாத நமக்கு இரண்டு பரிசோதனைகள் துணைசெய்யும். லைபோபுரோட்டீன் (ஏ) என்பது பெரும்பாலும் பரம்பரையாலேயே நிர்ணயிக்கப்படுகிற ஒரு கொழுப்பு. உணவினாலும் நடையினாலும் மாறாதது. ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். இந்திய இருதய வைத்தியர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் எல்லோரும் ஒருமுறையேனும் இதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அபாயம் என்று கொள்கிறது. மற்றொன்று, இருதய ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்க்கிற கால்சியம் ஸ்கோர். தொடங்குவதா வேண்டாமா என்று உண்மையிலேயே இரண்டுங்கெட்டானாக நிற்பவர்களுக்கு இது நல்ல உதவி. ஸ்கோர் பூஜ்யமாக இருந்து, புகைப் பழக்கமும் சர்க்கரையும் குடும்ப சரித்திரமும் இல்லாவிட்டால், மருந்தைச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பதில் தவறில்லை. நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்குப் பூஜ்யம் வந்தால் அது அவ்வளவு உறுதி தராது.

உணவைப்பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. முக்கியமாகத் தேங்காய் எண்ணெயைப்பற்றி. கொச்சியில் இருதய நோயாளிகள் 200 பேரில் பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெயும் பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயும் தந்து இரண்டாண்டு பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2016-இல் வெளியான முடிவை எடுத்துக்காட்டி நம்மவர்கள் சந்தோஷப்படுவதுண்டு. அந்த 200 பேரும் இருதய நோய்க்குரிய வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மருந்தில்லாமல் இருப்பவருக்குத் தேங்காய் எண்ணெய், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில், எல்.டி.எல்.லைச் சுமார் பத்து மில்லிகிராம் கூட்டுகிறது என்பது 2020-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. அவியலின்மேல் ஊற்றுகிற ஒரு கரண்டியை நான் குறை சொல்லவில்லை. அப்பளம் பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுநாள் சேனை வறுவலுக்கும், அதற்கு மறுநாள் பழம்பொரிக்கும் உபயோகிக்கிற வழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். மருந்தை ஒத்திவைக்கிறவர் மூன்று மாதம் உண்மையாகவே உணவைத் திருத்தி, மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும். ஒத்திவைப்பு என்ற பெயரில் மறந்துவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மேற்சொன்ன நண்பரைப்போல எல்லாம் சரியாக இருந்து, நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்பும் இல்லாதவர், டாக்டரோடு பேசிவிட்டு மருந்து இப்போது வேண்டாமென்று தீர்மானித்தால் அவரை அலக்ஷியக்காரர் என்று யாரும் சொல்லக்கூடாது. குடும்பத்தில் அத்தகைய மரணம் ஒன்று இருந்தாலும், லைபோபுரோட்டீன் (ஏ) மிகுந்திருந்தாலும், நானாக இருந்தால் சூத்திரம் என்ன சொன்னாலும் டாக்டர் தருகிற மருந்தைத் தொடங்கிவிடுவேன். தொடங்கியவரைக் கோழை என்றும் மருந்துக்கு அடிமை என்றும் பரிகசிக்கிற வழக்கம் நம் வீதிகளில் ஒழிய வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு ஆண்களின் சீட்டைப் பத்திரமாக ஃபைலில் கோத்துவைக்கும் நீங்கள், உங்களுடைய ரத்தத்தைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய அபாயம் கூடுதல். அதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். குழந்தை பெறும் உத்தேசம் உள்ளவர்கள் இந்த மருந்தை டாக்டரிடம் கேளாமல் தொடக்கூடாது. முப்பது வயதைக் கடந்தவர்களை வீடுவீடாகக் கணக்கெடுக்க ஆஷா பணியாளர்கள் வரும்போது, “ஆண்கள் வீட்டில் இல்லை, பிறகு வாருங்கள்” என்று திருப்பியனுப்பாமல் உங்கள் பெயரை முதலில் கொடுங்கள்.

எல்லோரிடமும் என் வேண்டுகோள் இதுவே. அடுத்த சிராத்தத்துக்கோ கல்யாணத்துக்கோ உறவினர்கள் கூடும்போது, வயதில் மூத்த அத்தைமார்களையும் பெரியப்பாமார்களையும் அருகில் உட்காரவைத்து, இரண்டு தலைமுறையில் இறந்தவர்களின் பெயர், இறந்த வயது, இறந்த விதம் இம்மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘வாயு’ என்றாலும் ‘திடீரென்று’ என்றாலும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அந்தத் தாளையும் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மாத்திரையைப்பற்றிப் பேசுங்கள். எழுதிக்கொள்ள ஒத்தாசை வேண்டுகிறவர்கள் எந்த நாள் சாயங்காலமும் என் வீட்டுக்கு வரலாம். தாளும் பேனாவும் தயாராக வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் க்ஷேமத்தை விரும்பும் அன்பன்,
கரமனை, திருவனந்தபுரம்.